தீர்வை ஜாஸ்தி: சென்னை மாகாண நீர்ப்பாசன வரிச் சட்டமும் சிறு குடியானவரும் (1858–1917)

பிரித்தானியர் காலச் சென்னை மாகாண வருவாய்க் கணக்குகளில் ‘தீர்வை ஜாஸ்தி’, ‘பசலி ஜாஸ்தி’ என்னும் இரு தலைப்புகள் இடம்பெறுகின்றன. புன்செய் எனப் பதிவான நிலத்தில் அரசுப் பாசன நீர் பாய்ந்தால் விதிக்கப்பட்ட கூடுதல் வரி முன்னது. நன்செயில் இரண்டாம் போகம் விளைவித்தால் விதிக்கப்பட்டது பின்னது. பாசன வரலாற்றில் ஆர்தர் காட்டனும் கோதாவரி அணைக்கட்டும் பெறும் இடத்தை இச்சொற்கள் பெறுவதில்லை. எனினும், ஓரிரு ஏக்கர் நிலத்தைத் தம் குடும்ப உழைப்பால் பயிரிட்டவர்க்கு நீருரிமை நடைமுறையில் என்னவாக இருந்தது என்பதை இவையே தெளிவாகக் காட்டுகின்றன.

வழக்காறும் கடமையும்

ஏரி, வாய்க்கால் ஆகியவற்றை ஊரார் கூடிப் பழுதுபார்த்த வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. சென்னை மாகாணத்தின் 1858ஆம் ஆண்டு முதலாம் சட்டம் இவ்வழக்கத்தைச் சட்டக் கடமையாக்கியது. ஊர் வழக்கப்படி செய்ய வேண்டிய பாசனப் பணிக்கு ஒருவர் தம் பங்கு உழைப்பைத் தர மறுத்தால், அவ்வுழைப்பின் மதிப்பைப் போல் இருமடங்கு தொகையை அவரிடம் பெறலாம் என அது விதித்தது. வழக்காறு என்பதே இங்குப் போதிய சான்றாயிற்று. எழுத்து ஆவணம் எதுவும் கோரப்படவில்லை. நீரைப் பெறும் உரிமை பற்றிய சட்டத்தில் இந்நிலை அவ்வாறே தொடரவில்லை என்பது கருதத்தக்கது.

1865ஆம் ஆண்டுச் சட்டம்

பாசனப் பணிகளுக்கு அரசு பெரும்பொருள் செலவிட்டுள்ளது. அதனால் பெருகிய விளைவின் ஆதாயத்தில் உரிய பங்கு எல்லா நேர்வுகளிலும் ஒரேவிதமாக அரசுக்குத் திரும்ப வேண்டும். இதுவே 1865ஆம் ஆண்டு ஏழாம் சட்டமான நீர்ப்பாசன வரிச் சட்டத்தின் முகப்புரை கூறும் நியாயம். ஆனால் சட்டத்தின் வரம்பு இந்நியாயத்தைக் கடந்து சென்றது. அரசு கட்டிய பணிகள் மட்டுமன்றி, அரசுக்கு உரியனவாகிய ஆறு, ஓடை, வாய்க்கால், ஏரி ஆகிய அனைத்தின் நீரும் வரிக்கு உட்பட்டது. பிரித்தானிய ஆட்சிக்குப் பன்னூறாண்டுகள் முன்னரே ஊரார் வெட்டிய ஏரியும் இதில் அடங்கும். அரசு செலவிடாத இடத்தில் எந்தச் செலவுக்கு ஈடாக இவ்வரி என்னும் வினாவுக்கு முகப்புரையில் விடை இல்லை.

வரி வீதத்தையும் விதிகளையும் வகுக்கும் அதிகாரம் அரசிடமே இருந்தது. சட்டம் உச்ச அளவு எதனையும் குறிக்கவில்லை. நிலுவையை நிலவரி பாக்கி போலவே வசூலிக்கலாம் என்பதால், 1864ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டத்தின்படி அசையும் பொருளும் நிலமும் பற்றுகைக்கும் ஏலத்திற்கும் உள்ளாயின. தாமதமான நீர்வரி நிலத்தையே இழக்கச் செய்யக்கூடும்.

நன்செயாக வகைப்படுத்தப்பட்ட இரயத்துவாரி நிலம், தனக்கென ஒதுக்கப்பட்ட ஆதாரத்திலிருந்து பெறும் வழக்கமான நீருக்குத் தனி வரி செலுத்த வேண்டியதில்லை. நன்செய்த் தீர்வையிலேயே நீரின் விலை அடங்கியிருந்தது. இவ்விலக்கைக் குறைத்து மதிப்பிடலாகாது. வழக்கமான நீரைப் பெறும் குடியானவரின் உரிமையை நீதிமன்றங்களும் ஏற்றன. ஆயினும் பங்கீட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அரசினதே எனவும் அவை கொண்டன. சிக்கல் எழுந்தது ஆயக்கட்டின் ஓரத்தில்தான்.

கசிவு நீர்

ஏரிக்கரையின் கீழ் நன்செயும், அதனை அடுத்துச் சற்று மேட்டில் புன்செயும் அமைவது தமிழகச் சிற்றூர்களின் பொதுவான நிலக்கிடப்பு. நன்செயில் தேங்கும் நீர் மண்ணின் வழியே கசிந்து அண்டை நிலத்தை ஈரமாக்கும். 1900ஆம் ஆண்டுத் திருத்தம் இக்கசிவையும் வரிக்குள் கொணர்ந்தது. நேரடியாகவோ மறைமுகமாகவோ, கசிவாகவோ வடிகாலாகவோ, அடுத்த நிலத்தின் வழியாகவோ வந்து பாயும் நீரும் அரசு நீரே. அது பயிருக்குப் பயனுடையதா, போதுமானதா என்பதை முடிவுசெய்பவர் வருவாய் அலுவலர். அவர்க்கு மேல் ஆட்சியரும் வருவாய் வாரியமும் அரசும். மதகைத் திறவாதவரும் வாய்க்காலை வெட்டாதவரும் நீரைப் பயன்படுத்தியவராயினர்.

வரியின் தொடக்கம் கர்ணத்தின் அடங்கல் பதிவில் இருந்தது. குறையுடையோர் ஜமாபந்தியில் முறையிடலாம். ஆனால் நிலம் நனைந்திருந்ததா என்பதற்கான சான்று நிலத்திலேயே உள்ளது. பயிர் அறுத்து மண் காய்ந்தபின் எஞ்சுவது கர்ணத்தின் எழுத்து மட்டுமே. நீர் பாய்ந்த ஆண்டை அடுத்த வருவாய் ஆண்டின் முடிவு வரையிலும் வரி விதிக்கத் திருத்தப்பட்ட சட்டம் இடமளித்தது. விளைவை விற்றுக் கடனடைத்த பின்னரும் கோரிக்கை வரலாம். பல ஊர்களில் நிலம் வைத்திருந்தவர் இதனை மற்றொரு நிலத்தின் வருவாயால் ஈடுசெய்ய இயலும். ஒரே துண்டு நிலமுடையவர்க்கு அவ்வழி இல்லை. ஒரே வீதம் இருவரையும் ஒரே அளவில் தாக்கியதாகக் கொள்வது கணக்கியல் சமத்துவமேயன்றி வேறன்று.

ஊர்லாம் வழக்கு

ஆறுகள், ஓடைகள், ஏரிகள், ஓடும் நீர், நிற்கும் நீர் ஆகியன, பிறர்க்குள்ள உரிமைகள் நீங்கலாக, அரசின் சொத்து என 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் அறிவித்தது. அந்த ‘உரிமைகள்’ யாருடையவை என்பதற்குக் கஞ்சம் மாவட்டத்து ஊர்லாம் ஜமீன் வழக்கு ஒரு விடை தருகிறது. வம்சதாரா ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியே பெற்ற நீருக்கு அரசு வரி விதித்ததை ஜமீன்தார் எதிர்த்தார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1917இல் அவர்க்குச் சார்பாக முடிந்தது. நிரந்தர நிலவரித் திட்டத்தின்போது அரசுடன் ஏற்பட்ட ஒப்பந்தத்திலேயே இந்நீருரிமை உட்கிடையாக அடங்கியது என்றும், அன்று வாய்க்கால் கொண்டுசெல்லக்கூடிய நீரின் அளவே அதன் எல்லை, பயிரிட்ட பரப்பு அன்று என்றும் தீர்ப்பு கூறியது.

சட்டம் ஒப்பந்தம் உடையோர்க்கு விலக்களித்தது. எழுதப்படாத ஒப்பந்தத்தையும் நீதிமன்றம் ஜமீன்தாருக்காக ஊகித்து ஏற்றது. இத்தீர்ப்பின் பயன் ஜமீனின் குத்தகைக் குடிகளுக்கு எவ்வளவு சென்றது என்பது தனியே ஆராயத்தக்கது. அவர்களின் வாரம் 1908ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டத்தின்கீழ் அமைந்தது. இரயத்துவாரிக் குடியானவர் கையில் இருந்தது பட்டா. அதில் நிலத்தின் பரப்பும் வகைப்பாடும் தீர்வையும் குறிக்கப்பட்டிருந்தன. நீரின் அளவு குறிக்கப்படவில்லை.