வயிற்றுவலியும் உம்மாமாரின் கைமருந்தும்

சம்மாந்துறையில் பிள்ளையொன்று அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால் உம்மாமார் மூன்று காரணங்களை எண்ணுவர்: பூச்சி, வாய்வு, நாவூறு. பூச்சிக்கு வேப்பங்கொழுந்து, வாய்வுக்கு ஓமத் தண்ணீர், நாவூறுக்கு ஓதி ஊதிய தண்ணீர். சிறுபராயத்தில் மூன்றையும் நான் குடித்திருக்கிறேன். இவற்றை மூடநம்பிக்கை என ஒரே சொல்லில் ஒதுக்குவோர் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது நன்று.

ஓமத்தை எடுத்துக்கொள்வோம். அதன் எண்ணெயிலிருந்து பெறப்படும் தைமோல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கிப்புழுவுக்கு ஆங்கில வைத்தியம் நம்பியிருந்த மருந்தாகும். ரொக்பெல்லர் அமைப்பினர் 1909இல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் தொடங்கிய புழு ஒழிப்பு இயக்கத்தில் அதனையே கொடுத்தனர். முதலாம் உலகப்போருக்கு முன்னர் இந்திய ஓமம் ஜேர்மனிக்குக் கப்பலேறித் தைமோலாக மாறியது. அவர்களது பணி 1916இல் இலங்கைத் தோட்டங்களையும் எட்டியது. வைத்தியர்கள் கிராம் கணக்கில் கொடுத்த அம்மருந்தின் அளவு அடுப்படி ஓமத் தண்ணீரில் இல்லை என்பதும் உண்மையே. புழுவைக் கொல்ல இன்று குளிசை இருக்கிறது.

எல்லாக் கைமருந்தும் இவ்வாறு தப்பிவிடவில்லை. பிள்ளைவளர்ப்பான் எனப் பெயர்பெற்ற வசம்பைச் சுட்டு உரைத்து நாவில் தடவுவது தமிழ்பேசும் ஊர்களில் பரவலான வழக்கம். அதிலுள்ள அசரோன் என்னும் பொருள் ஆய்வுகூட எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடைவிதித்தது.

நாவூறு பற்றியோ? இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரில் ஜோன் அப்லி என்ற குழந்தை வைத்தியரும் நேய்ஷ் என்பவரும் ஆயிரம் பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958இல் முடிவுகளை வெளியிட்டனர். பத்தில் ஒரு பிள்ளைக்கு மீண்டும் மீண்டும் வயிற்றுவலி வந்தது. அத்தகையோரில் பெரும்பாலாரிடம் உடல்நோய் எதுவும் காணப்படவில்லை. கவலையும் பயமுமே பலரிடம் தென்பட்டன. ஆனால் வலி மெய்யானது. மடியில் கிடத்தி, வயிற்றைத் தடவி, ஓதி ஊதிய மூத்தம்மாவின் கை ஏன் பலருக்குச் சுகம் தந்தது என்பதற்கு இதில் ஒரு விடை உண்டு எனலாம்.

எனினும் காத்திருத்தலே ஆபத்து. வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, காய்ச்சலோ மெலிவோ சேர்ந்தாலோ ஓதிய தண்ணீரோடு நின்றுவிடலாகாது. ஓதுவதை வைத்தியசாலைக்குப் போகும் வழியிலும் ஓதலாம்.