சிகாகோ பல்கலைக்கழகக் கால்பந்து

அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டு அணிகள் 'மரூன்ஸ்' எனப்படும். அமெரிக்கக் கால்பந்தில் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் இது) ஒரு காலத்தில் இப்பல்கலைக்கழகம் முன்னணியில் இருந்தது. அமோஸ் அலன்சோ ஸ்டாக் 1892 முதல் 1932 வரை பயிற்சியாளராக இருந்தார். சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை 1935இல் முதன்முதலாகப் பெற்ற ஜே பெர்வாங்கர் இவ்வணியைச் சேர்ந்தவரே.

1939இல் மிச்சிகன் அணியிடம் 0-85 என்று தோற்றது. கல்விக்கு இந்த ஆட்டம் இடையூறு என்று கருதிய பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸின் முயற்சியால், அவ்வாண்டு இறுதியில் கால்பந்தே கைவிடப்பட்டது. துணிவான முடிவுதான், தொடர் தோல்விகள் அதை எளிதாக்கின என்பதும் உண்மை.

ஆட்டம் ஓய்ந்த ஸ்டாக் மைதானத்தின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில், 1942 டிசம்பர் 2 அன்று என்ரிக்கோ ஃபெர்மி குழுவினர் உலகின் முதல் அணு உலையை இயக்கினர். 1969இல் கால்பந்து அணி மீண்டும் களமிறங்கியது. விளையாட்டுத் திறனுக்கென உதவித்தொகை இங்கு வழங்கப்படுவதில்லை.