செலரான் 300ஏ: 149 டாலர் வேட்டை

1998 ஏப்ரல்ல இன்டெல் விட்ட முதல் செலரான்ல எல்2 கேஷே கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பாஷையில சொன்னா, சரியா சுண்டாத பால்கோவா. அதே வருஷம் ஆகஸ்ட் 24-ல செலரான் 300ஏ வந்துச்சு. சிப்புக்குள்ளயே 128 கேபி கேஷ், முழு வேகத்துல. பென்டியம் 2-ல 512 கேபி இருந்தும் பாதி வேகம்தான்!

பெருக்கல் எண்ணை 4.5-ல பூட்டி வெச்சிருந்தாங்க. நம்ம ஆளுங்க விடுவாங்களா? பஸ்ஸை 66-லேர்ந்து 100 ஆக்கினாங்க, 450 மெகாஹெர்ட்ஸ். ராஜபாளையம் மில்லுல கியரைத் தொடாம மோட்டார் வேகத்தை ஏத்தினா ஸ்பிண்டில் பறக்கும்ல, அதே கதை. (எல்லா சிப்பும் தாங்காது, அது அவங்கவங்க அதிர்ஷ்டம்.) அன்னிக்கே வந்த பென்டியம் 2 450 விலை 669 டாலர். இது 149.

2011 சாண்டி பிரிட்ஜோட இன்டெல் அந்த பஸ் வழியையும் கிட்டத்தட்ட அடைச்சிருச்சு. அதனால இப்ப பட்ஜெட் கேமிங் பெட்டி கட்டுறவங்க, பிராசஸர்ல மிச்சம் புடிச்சு கிராபிக்ஸ் கார்டுல போடுங்க மக்கா.