அலிகேட்டர் கார், அரோவானா... வேட்டை மீனுக்கு என்ன தீனி போடலாம்? பழவேற்காடு ஏரிக்கு இதில் என்ன ஆபத்து?

விரல் நீளத்தில் வாங்கி வந்த மீன், ரெண்டு வருஷத்தில் தொட்டிக்குள் திரும்பவே இடம் இல்லாமல் தவிக்கும். தீனிச் செலவும் கட்டுப்படியாகாது. கடைசியில் ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்துக் கால்வாயில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். வேட்டை மீன் வளர்ப்பில் சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

அரோவானா, ஆஸ்கர், ரெட் டெயில் கேட்ஃபிஷ், அலிகேட்டர் கார்... சென்னை கொளத்தூரின் மீன் கடைகளுக்குப் போகிறவர்களுக்குப் பழகிய பெயர்கள். அங்கிருந்து சுமார் 50 கி.மீ. வடக்கே பழவேற்காடு ஏரி. சென்னையையும் எண்ணூரையும் கடந்து வரும் பக்கிங்காம் கால்வாய் நேராக இந்த ஏரிக்குத்தான் போய்ச் சேருகிறது.

என்ன தீனி?

குட்டியாக இருக்கும்போது தினமும் கொஞ்சமாகத் தீனி வேண்டும். வளர்ந்த மீனுக்கு வாரத்தில் 2, 3 முறை போதும். வயிறு லேசாக உப்பினாலே நிறுத்திவிடலாம். தொட்டிக்கு முன்னால் வந்து நின்று 'கேட்கிறதே' என்று போட்டுக்கொண்டே இருந்தால், கொழுப்பு சேர்ந்து ஈரல் கெடும்.

ஏரிக்கரை ஊர்களில் பொடி இறாலும் சின்ன மடவையும் ஃப்ரெஷ்ஷாகவே கிடைக்கும். ஆனாலும் அப்படியே போடக் கூடாது. நல்ல தண்ணீரில் கழுவி, சில நாட்கள் ஃப்ரீசரில் வைத்த பிறகு கொடுத்தால் ஒட்டுண்ணி பயம் குறையும். இறால் தலையில் இருக்கும் கூர்முள்ளைக் கிள்ளி எறிந்துவிடுங்கள்.

உயிரோடு கோல்டு ஃபிஷ் போட்டு, அதை வீடியோ எடுப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. கோல்டு ஃபிஷ்ஷில் இருக்கும் தயமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். அதையே தொடர்ந்து சாப்பிடும் மீன் நரம்புத் தளர்ச்சியில் விழும். நோயும் கூடவே வரும். மாட்டு இதயம், கோழி இறைச்சியில் உள்ள கொழுப்பு மீனுக்குச் சரியாகச் செரிக்காது. ஒருநாள் பட்டினி போட்டு, இறால் துண்டோடு பெல்லட்டைக் கலந்து பழக்குவதுதான் நல்லது. செலவும் குறையும்.

மிச்சத் தீனியைப் பத்து நிமிஷத்தில் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அழுகி அம்மோனியா ஏறும். கரன்ட் போயிருக்கும் நேரத்தில் தீனியே வேண்டாம். சாப்பிட்ட மீனுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படும், பம்போ ஓடாது.

எவ்வளவு வளரும்?

சில்வர் அரோவானா 3 அடி, ரெட் டெயில் 4 அடி. அலிகேட்டர் கார் கதையே வேறு. 2011-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிடிபட்ட ஒன்று 8 அடிக்கு மேல், 148 கிலோ! வீட்டுத் தொட்டியில் இதற்குத் தீனி போட்டு முடியாது.

ஏரிக்கு என்ன ஆகும்?

அமேசான் மீன்கள் உப்பு நீரில் தாக்குப்பிடிப்பது கஷ்டம். ஆனால் அலிகேட்டர் கார் உவர்நீரிலும் வாழும், தண்ணீருக்கு மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளாவின் சாலக்குடி ஆற்றில் அராபைமா சிக்கியது. 2023-ல் காஷ்மீரின் தால் ஏரியிலேயே அலிகேட்டர் கார் கிடைத்தது.

வெளியூர் உயிரினம் என்ன செய்யும் என்பது பழவேற்காடு மீனவர்களுக்குப் புதுப் பாடமில்லை. தென் அமெரிக்காவில் இருந்து கப்பல்கள் வழியே வந்ததாகக் கருதப்படும் காக்கா ஆழி, எண்ணூர் கொசஸ்தலை ஆற்றில் தரையை மூடிப் பரவி, பழவேற்காட்டையும் எட்டிவிட்டது. அது மூடிய இடத்தில் இறால் தங்காது. சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அன்றாட வருமானமே அந்த இறால்தான். பாடு முறையில் தனக்கான நாள் வரும்வரை காத்திருந்து வலை போடும் குடும்பத்துக்கும் அப்படித்தான். இறாலையும் மடவையையும் விழுங்கும் மீன் ஒன்று கூடுதலாக வந்தால், போட்டி அவர்களோடுதான்.

வளர்க்க முடியவில்லையா?

வாங்கிய கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுக்கலாம். ஆசிய அரோவானா என்றால் இன்னொரு வேலையும் உண்டு: வனவிலங்குச் சட்டத்தின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

வலையில் முதலை மூக்கோடு விசித்திர மீன் சிக்கினால் திரும்பத் தண்ணீரில் விடாமல், போட்டோ எடுத்து மீன்வளத் துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அலிகேட்டர் காரின் சினை மனிதர்களுக்கு விஷம். குழம்பில் போட்டுவிட வேண்டாம்.