காகிதப்பூ: மணப்பாறை வீடுகளில் வளர்ப்பு

மணப்பாறை போன்ற வறண்ட ஊரில் வீட்டுப் பூச்செடிகளில் முதலிடம் பெறத்தக்கது காகிதப்பூ. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள ஸ்ரீரங்கத்தின் ஈரம் இங்கே கிடையாது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இக்கொடியை, பிரெஞ்சுக் கடற்பயணி பூகன்வில்லின் குழுவில் வந்த தாவரவியலாளர் கொமர்சோன் 1767-இல் பிரேசிலில் சேகரித்தார். நம் கண்ணைப் பறிக்கும் வண்ணப் பகுதிகள் பூவடிச் செதில்கள். மூன்று செதில்களுக்கு நடுவே மெல்லிய குழலாக நிற்கும் வெள்ளைப் பூக்களே உண்மையான பூக்கள்.

தண்ணீர் குறைந்தால் செடி பூக்காது என்பார்கள். காகிதப்பூவில் நிலைமை நேர்மாறு: தினமும் நீர் ஊற்றி யூரியாவும் போட்டால் இலையும் தண்டும்தான் கொழிக்கும். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு, அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றினால் போதும். செம்மண்ணும் மணலும் மக்கிய சாண எருவும் கலந்த தொட்டி ஏற்றது. மாட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊரில் எருவுக்குப் பஞ்சமில்லை. மொட்டை மாடியில் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படவேண்டும். புதுக்கிளைகளில்தான் பூ வரும் என்பதால், ஒரு சுற்றுப் பூத்து உதிர்ந்ததும் நுனிகளைக் கவாத்து செய்ய வேண்டும். ஐப்பசி மழையில் தொட்டியில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்; கோடையைவிட அந்த மழைக்காலத்தில்தான் கூடுதல் கவனம் தேவை.

மணமில்லை, தலையில் சூட முடியாது, முள் குத்தும் என்ற குறைகள் நியாயமானவையே. முள்ளுக்கு விடை இடத்தேர்வு: நடைவழியை விட்டுச் சுற்றுச்சுவரோரம் வைக்கலாம். பூசைக்கு ஒரு தொட்டிச் செம்பருத்தி போதும். காகிதப்பூவில் சேமித்த தண்ணீரைச் செம்பருத்திக்குக் கொடுக்கலாம்.