ஆளிவிதை எண்ணெய்: பெயின்ட் டப்பாவுக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் நடுவில்

பெர்லினில் இருந்து தெற்கே ரயிலில் ஒரு மணி நேரம் போனால் ஷ்ப்ரேவால்ட் வரும். ஷ்ப்ரே ஆறு நூற்றுக்கணக்கான வாய்க்கால்களாகப் பிரிந்து ஓடும் ஊர்ப்பக்கம். இது லவ்சிட்ஸ் என்ற பெரிய நிலப்பகுதியின் ஒரு துண்டு. சோர்பியர் என்ற சிறிய ஸ்லாவிய இனம் இன்றும் தன் மொழியோடு வாழும் இடம். இங்கே எந்தச் சாதாரண உணவகத்தில் உட்கார்ந்தாலும் மெனுவில் ஒரு ஐட்டம் இருக்கும்: தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கு, குவார்க், ஆளிவிதை எண்ணெய். குவார்க் என்பது நம்ம ஊரில் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் கிடைப்பது போன்ற கெட்டியான பால்பொருள். அதில் வெங்காயமும் உப்பும் கலந்து, நடுவில் குழி செய்து, பொன்மஞ்சள் நிற எண்ணெயை ஊற்றித் தருகிறார்கள். அடுப்பில் ஏறுவது உருளைக்கிழங்கு மட்டும்தான். எண்ணெய் சூட்டையே பார்ப்பதில்லை.

ஏன் இப்படி என்று தோண்டப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வேதியியல், சுருக்கமாக. ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கும் மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். நாம் ஒமேகா-3 என்று கேள்விப்படுவதில் தாவர வகை. அதன் சங்கிலியில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் உண்டு, அவை ஆக்சிஜனுக்கு ஏங்கிக்கொண்டே இருப்பவை. காற்று பட்டால் எண்ணெய் ஆக்சிஜனை இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி, கெட்டிப் படலமாக மாறும். தண்ணீர் உலர்வது போல ஆவியாகிப் போவதல்ல இது; உலர உலர எடை கூடும்! ஐரோப்பிய எண்ணெய் ஓவியங்கள் நூற்றாண்டுகள் தாண்டி நிற்பது இதனால்தான். 1860-களில் ஃப்ரெடெரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் லினோலியம் தரைவிரிப்பைக் கண்டுபிடித்ததும் இந்தப் படலத்தை வைத்துத்தான். பெயரிலேயே இருக்கிறது: லினும் என்றால் ஆளி, ஒலியம் என்றால் எண்ணெய்.

இந்த வினையில் சூடும் பிறக்கும். 1991-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் தீப்பிடித்து, மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். காரணம், ஆளிவிதை எண்ணெயில் நனைத்துக் குவித்து வைத்திருந்த துணிகள். யாரும் கொளுத்தவில்லை, தானாகவே பற்றிக்கொண்டது.

ஆக ஒரே குணம்தான். ஓவியனுக்கு வரம், சமையல்காரனுக்குத் தலைவலி. நல்லெண்ணெயை மாதக்கணக்கில் வைக்கலாம், கடலெண்ணெயில் வடை சுடலாம். இது இரண்டுக்கும் ஆகாது. சுத்திகரிக்காத ஆளி எண்ணெய் சுமார் 107 டிகிரியிலேயே புகைய ஆரம்பித்துவிடும்.

இப்போது லவ்சிட்ஸுக்குத் திரும்புவோம். அங்கே ஆலிவ் விளையாது. ஆனால் லினன் துணிக்காக ஆளிச்செடி பயிரானது; நாரை நெசவாளி எடுத்துக்கொண்டால் விதை மிச்சம். பாலில் இருந்து எடுத்த வெண்ணெய் காசாகும் பண்டம். கொழுப்பு எடுத்த பாலில் குவார்க் செய்து, போன கொழுப்புக்கு ஈடாக ஆளி எண்ணெயை ஊற்றினார்கள் என்பது என் வாசிப்பு. ஏழைகளின் கணக்கு அது, ரொம்பத் துல்லியமான கணக்கும்கூட.

மதமும் ஒரு பங்கு ஆற்றியது. கத்தோலிக்க நோன்பு நாட்களில் வெண்ணெய்க்குத் தடை. ஆலிவ் இருக்கும் ரோமுக்கு அது பெரிய கஷ்டமில்லை. வடக்கே மாட்டிக்கொண்டவர்கள் கிடைத்த விதை எண்ணெயில் சமாளித்தார்கள். பக்கத்து சாக்சனியில் வெண்ணெய்க்கு விலக்கு கேட்டு மனுப் போட்டு, 1491-ல் போப் எட்டாம் இன்னசென்ட் அனுமதி தந்தார், இலவசமாக அல்ல. 1520-ல் லூதர் இந்த வியாபாரத்தைப் போட்டுக் கிழித்தார்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இந்தத் தட்டை "ஆதிகால உணவு" என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்லும். உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவில் இருந்து வந்து, ஜெர்மன் விவசாயிகளின் அன்றாட உணவானது 18-ம் நூற்றாண்டில்தான். தட்டின் இன்றைய வடிவத்துக்கு வயது அவ்வளவே. அதற்கு முன்பே இருந்திருக்கக்கூடியது ரொட்டி. இன்றும் லவ்சிட்ஸில் ரொட்டியை ஆளி எண்ணெயில் தொட்டு, மேலே உப்பு அல்லது சர்க்கரை தூவிச் சாப்பிடுவார்கள்.

அடுத்தது "கோல்ட் பிரெஸ்டு". ஷ்ட்ராவ்பிட்ஸ் என்ற ஊரில் ஒரு காற்றாலை இருக்கிறது. மாவரைப்பு, எண்ணெய், மர அறுப்பு மூன்றும் ஒரே கூரையின் கீழ். அங்கே விதையைக் கல் உருளையில் நசுக்கி, சிறிது தண்ணீர் சேர்த்துச் சட்டியில் இளஞ்சூடாக்கிக் கிளறி, அப்புறம்தான் பிழிகிறார்கள். அந்த வறுத்த கொட்டை வாசம் சட்டியில் இருந்து வருவது. அதாவது, பாரம்பரிய எண்ணெய் கோல்ட் பிரெஸ்டே அல்ல! சூடாக்காமல் பிழிவது வேறு முறை. சுவையில் புல்வாசமும் மென்மையும் தூக்கலாக இருக்கும். நம்ம ஊர்ப் பாட்டில்களில் "கோல்ட் பிரெஸ்டு", "பாரம்பரிய முறை" இரண்டும் ஒரே வரியில் அச்சாகி வருவதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

என்னைக் கேட்டால் அதைவிட முக்கியமானது, பிழிந்து எத்தனை நாள் ஆச்சு என்பதே. புது எண்ணெயில் கசப்பு இருக்காது. சில வாரங்களில் கசக்கத் தொடங்கும். கொழுப்பு கெட்டதால்தான் என்று பலரும் நினைப்பார்கள். ஆனால் 2007-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் வேறு ஒரு ஆசாமியைப் பிடித்தார்கள்: எண்ணெயில் இருக்கும் சைக்ளோலினோபெப்டைடு என்ற சிறு புரத வளையம் ஆக்சிஜனேற்றம் அடைந்து கசப்பாகிறது. இந்தக் குடும்பத்தின் முதல் பொருளை 1959-ல் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் ம்யூன்ஸ்டர் நகரத்து ஹான்ஸ் பவுல் காஃப்மன்.

அதே காஃப்மனின் மாணவிதான் யோஹன்னா புட்விக் (1908–2003). 1950-களில் குவார்க்கும் ஆளி எண்ணெயும் புற்றுநோயைக் குணமாக்கும் என்று சொன்னவர். இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுவது அவருடைய உணவுமுறை. முறையான மருத்துவச் சோதனை எதிலும் அது நிரூபிக்கப்படவில்லை. லவ்சிட்ஸ் விவசாயியின் ராத்திரிச் சாப்பாடு அது, நல்ல சாப்பாடும்தான். கீமோவைத் தள்ளிப்போட்டுவிட்டு அதை நம்பி உட்காரச் சொல்வது கொடுமை. ஒமேகா-3 கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு: மீனில் இருக்கும் வடிவமாக இதை நம் உடல் மாற்றிக்கொள்வது மிகக் குறைவு.

வாங்குவதாக இருந்தால் சின்னப் பாட்டில், அடர்நிறக் கண்ணாடி, திறந்ததும் ஃபிரிட்ஜ், சில வாரங்களில் காலி. தாளிக்காதீர்கள். தயிர்ப் பச்சடி மேல், இட்லிப் பொடியில், ஆறின உருளை மசியலில் ஊற்றலாம். இல்லை, விதையாகவே வாங்குங்கள். தோலுக்குள் எண்ணெய் பத்திரமாக இருக்கும். வட கர்நாடகத்தில் அகசி சட்னிப் பொடியாகக் காலம் காலமாகச் சாப்பிடுகிறார்கள்.

எங்க ஏரியா செக்குக்காரரிடம் ஆளி ஆட்டித் தருவீங்களா என்று கேட்டேன். பத்து கிலோவுக்குக் குறைஞ்சா வேண்டாம் என்றார். ஏன் அண்ணே என்றதற்கு உலக்கையைக் காட்டினார்: "ஆட்டின கையோட கழுவலன்னா பிசின் மாதிரி புடிச்சிக்கும் சார். அப்புறம் சுரண்டித்தான் எடுக்கணும்."