இருவகை மருத்துவமும் கீழ்ப்பாக்கத்துப் பள்ளியும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒருங்கு கூடும் திருமுக்கூடலில், பெருமாள் கோயிற் கற்சுவரின்கண், வீரராசேந்திர சோழதேவரது ஆட்சிக்காலத்துப் பொறிக்கப்பட்ட நெடிய கல்வெட்டொன்று உளது. கி.பி. 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியதாகிய அக்கல்வெட்டு, ஆங்குக் கல்வி பயின்ற மாணாக்கர்க்கும் கோயிற்பணி செய்வார்க்குமென அமைந்த 'வீரசோழன்' என்னும் ஆதுலர் சாலையின் செலவுகளை வகுத்துரைக்கின்றது. நோயாளர் கிடத்தற்கு 15 கட்டில்கள், மருத்துவன் ஒருவன், சல்லியக்கிரியை பண்ணுவான் ஒருவன், மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து சமைப்பார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர். சேமித்து வைத்தற்குரிய மருந்துகளும் பெயர் சொல்லி எண்ணப்பட்டுள. இவற்றுள் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மருந்தால் நோய் தீர்ப்பானுக்கும் கருவியால் நோய் தீர்ப்பானுக்கும் நெல் வேறு வேறாக அளக்கப்பட்டது. ஒரு கூரையின்கீழ் இருவரும் இருந்தனர். ஒருவன் தொழிலை மற்றவன் விழுங்கினானல்லன்.

திருமந்திரம் அருளிய திருமூல நாயனாரைப் பத்தாந் திருமுறையின் ஆசிரியராக வணங்கும் தமிழுலகமே, பதினெண் சித்தருள் ஒருவராகவும் அவர் பெயரை வைத்து எண்ணுகின்றது. உடம்பைப் பேணுங் கலை சமயத்துக்குப் புறம்பானதன்று என்பதற்கு இவ்வழக்கொன்றே அமையும். ஆகலின், தமிழ் மருத்துவமும் மேனாட்டு மருத்துவமும் ஒருங்கிணைந்து நிற்றல் கூடுமோ என்னும் வினாவைச் சைவ நன்மக்கள் பிறர் வழக்கென்று ஒதுக்கிவிடுதல் இயலாது. அவ்வினாவுக்குச் சென்னை மாநகரிலேயே முப்பத்தைந்தாண்டுக் காலம் ஒரு சோதனை நிகழ்ந்தது. அதன் வரலாறு இக்காலத்தார் பலர்க்கு மறந்துபோயிற்று.

சென்னையில் மேனாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கும் பள்ளி 1835-ஆம் ஆண்டிற் றோன்றியது. நாளடைவில் அரசாங்கத்தின் ஆதரவு முழுவதும் அதன்பாற் சென்றது. 1914-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற மருத்துவர் பதிவுச் சட்டம், மேனாட்டு முறையிற் பயின்றாரையே பதிவுபெற்ற மருத்துவராக ஏற்றுக்கொண்டது. ஊர்தோறும் நாடி பார்த்துக் குடிநீரும் சூரணமும் கொடுத்துவந்த வைத்தியர், பல்லாயிரவர் உயிர்க்குத் துணையாய் நின்றும், சட்டத்தின் கண்ணுக்குப் புலனாகாதவராயினர்.

இந்நிலையில் அரசினர், நாட்டு மருந்துகளை ஆராயுமாறு 1918-ஆம் ஆண்டில் மருத்துவர் கோமன் என்பாரை நியமித்தனர். அவர் தாமும் இந்நாட்டினரே. மேனாட்டு மருத்துவத்தில் வல்லவர். மருந்துகளைத் தருவித்து, மருத்துவமனை நோயாளர்க்குக் கொடுத்துப் பார்த்து, பயன்பட்டன சில, பயன்படாதன பல என எழுதினார். மருந்துகளைக் குறித்து அவர் எழுதியவற்றுட் பயனுடையன உண்டு. ஆயின் நாட்டு மருத்துவ நூற்கொள்கையைப் பற்றியும் அவர் கடிந்து தீர்ப்புரைத்தமையே வைத்தியருலகத்தைக் கொதிப்படையச் செய்தது. திராவிட வைத்திய மண்டலத்தாரும் சென்னை ஆயுர்வேத சபையாரும் ஒன்றுகூடி மறுப்புரை வெளியிட்டனர்.

அம்மறுப்பின் உயிர்நிலை எளிதில் விளங்கத்தக்கதே. வைத்தியன் கொடுப்பது மருந்து மாத்திரமன்று. வளி, அழல், ஐயம் மூன்றனுள் மிக்கது யாது, குறைந்தது யாது, நோயாளன் உடற்கூறு எத்தகையது, பருவம் யாது, அனுபானம் தேனோ வெந்நீரோ, பத்தியம் எத்துணை நாள் என்றிவை யாவும் கூடியதே மருத்துவம். இவற்றையெல்லாம் களைந்து, வேரை மாத்திரம் எடுத்து, எல்லார்க்கும் ஒருபடியாய்க் கொடுத்துப் பார்ப்பது, யாப்பை நீக்கிவிட்டுச் செய்யுளின் சொற்களை எண்ணிப் பார்ப்பது போலும். எனினும் இவ்விடையில் ஒரு குறையும் உண்டு. பயன் விளைந்ததோ இல்லையோ என்று எண்ணிக் காட்டும் கடமை எம்முறையினர்க்கும் பொதுவானது. 'எம் நூல் அங்ஙனம் கூறுகின்றது' என்பது நோயாளன் உயிர்க்கு ஈடாகாது.

இக்கலக்கத்தின் நடுவே 1921-ஆம் ஆண்டில், முகம்மது உசுமான் தலைமையில் அரசாங்கக் குழுவொன்று அமைக்கப்பெற்றது. அப்போது முதலமைச்சராயிருந்தவர் பனகல் அரசர். இந்து அறநிலையச் சட்டத்தால் திருமடங்களைக் கலங்கச் செய்தவரென்றே அவர் பெயரை மடத்துப் பெரியோர் பலர் நினைவிற்கொண்டுள்ளனர். நாட்டு மருத்துவத்துக்கு அவர் செய்த உதவியையும் உடன்வைத்து எண்ணுதல் முறை. குழுவின் செயலாளர் காப்டன் சீனிவாசமூர்த்தி. இவர் மேனாட்டு மருத்துவப் பட்டம் பெற்று, முதல் உலகப்போரிற் படைமருத்துவராகப் பணிபுரிந்தவர். வடமொழி நூற்பயிற்சியும் உடையவர். இருகரையும் கண்டவராகலின் இரண்டையும் சீர்தூக்கும் தகுதி இவர்க்கு அமைந்தது.

குழுவினர் வினாக்களை அச்சிட்டு நாடெங்கும் அனுப்பினர். தமிழ் முதலிய பல மொழிகளிலும் வைத்தியர் விடை எழுதினர். 1923-ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கை, இந்திய மருத்துவங்களின் கொள்கை அறிவியல் நெறிக்கு ஒத்ததே என்றும், மருந்தால் தீர்க்கும் பகுதியில் அவை பெரும்பாலும் தந்நிறைவுடையன என்றும், அறுவைப் பகுதியில் அங்ஙனமல்ல என்றும் கூறிற்று. திருமுக்கூடலிற் சல்லியக்கிரியை பண்ணுவானுக்குத் தனியே நெல் அளந்த நாட்டில், இடைக்காலத்தில் அக்கலை கைநழுவிப் போயிற்றென்பதை மறையாது ஒப்புக்கொண்டமை அவ்வறிக்கையின் சிறப்பு.

அதன் பயனாக 1925-ஆம் ஆண்டு கீழ்ப்பாக்கத்தில் இந்திய மருத்துவப் பள்ளி திறக்கப்பெற்றது. சீனிவாசமூர்த்தியே அதன் முதல் தலைவராயினர். சித்தம், ஆயுர்வேதம், யூனானி என்னும் மூன்றும் ஆங்குக் கற்பிக்கப்பட்டன. அவற்றுடன் உடற்கூற்று நூல், அறுவை, மகப்பேற்று மருத்துவம் முதலியன மேனாட்டு முறையிற் பயிற்றப்பட்டன. பள்ளியைச் சார்ந்து மருத்துவமனையும் உண்டாயிற்று. பயின்று தேறினோர் 'இந்திய மருத்துவ உரிமையர்' என்னும் பொருளுடைய பட்டம் பெற்றனர்.

நோக்கம் பெரிது, நடைமுறையோ கடினம். காலையில் ஓராசிரியர் சுரத்துக்கு மூன்று குற்றங்களின் வேறுபாட்டைக் காரணங் காட்டுவர். மாலையில் மற்றோராசிரியர் அதே சுரத்துக்குக் கண்ணுக்குப் புலனாகாத கிருமியைக் காரணங் காட்டுவர். இவ்விரண்டையும் பொருத்திக் காட்டும் மூன்றாவது ஆசிரியர் ஒருவரும் இலர்; அப்பொருத்தம் மாணாக்கன் தலைமேல் விடப்பட்டது. சீனிவாசமூர்த்தி போன்றார் ஒருவர்க்கு அது கைகூடலாம். இளமாணாக்கர் அனைவர்க்கும் கைகூடுமென எதிர்பார்த்தல் மிகை. இரண்டனுள் எதற்குக் கருவியும், கூலியும், மதிப்பும் மிகுதியோ அதன் பக்கமே மனம் சாயும். சித்த மருத்துவத்தை ஆயுர்வேதத்தின் கிளையென்றே கொண்டாரும் அக்காலத்து இருந்தமையின், மூன்றனுள்ளும் தமிழ் மருத்துவத்துக்குத் தனிநிலை கிடைப்பது அரிதாயிற்று.

1946-ஆம் ஆண்டு அமைந்த சோப்ரா குழுவினர் 1948-ஆம் ஆண்டிற் றந்த அறிக்கையிலும் இருமுறைகளையும் ஒன்றாக்குதலே தக்கதெனக் கூறினர். கீழ்ப்பாக்கத்துப் பள்ளியும் கல்லூரியாக உயர்ந்து, ஒருங்கிணைந்த மருத்துவக் கல்லூரியெனப் பெயர் பெற்றது. ஆயின் மாணாக்கர் வேண்டியது மேனாட்டு மருத்துவப் பட்டமே. நாட்டின் பல பகுதிகளிலும் இத்தகைய கல்லூரிகளில் அவ்வேண்டுகோளே கிளர்ச்சியாய் எழுந்தது. முடிவில் 1960-ஆம் ஆண்டு அந்நிலையம் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாயிற்று. இன்றுவரை மேனாட்டு மருத்துவத்தையே கற்பிக்கின்றது. நாட்டு மருத்துவத்தைக் காத்தற்கென எடுத்த மனையில், காக்கப்படவேண்டியதே குடியிருக்க இடமின்றி வெளியேறியது.

இதற்கு அரசினரையோ மேனாட்டு மருத்துவரையோ மாத்திரம் குறைகூறுதல் நேர்மையாகாது. தமிழ் வைத்தியர்பால் நெடுங்காலமாய் ஊறிய குற்றமொன்று உண்டு, அது மறைத்துவைத்தல். கைகண்ட முறையை மகனுக்கன்றிப் பிறர்க்கு உரையாமை, மகனில்லையேல் உரையாமலே இறத்தல், பரிபாடையால் எழுதிய ஏட்டுக்குப் பொருள் சொல்லாமை ஆகிய இவற்றால் அழிந்தன எத்தனையோ. ஒரே மூலிகைக்குப் பல பெயரும், ஒரே பெயர்க்குப் பல மூலிகையும் வழங்குமிடத்து, பள்ளியில் பாடம் நடத்துவது யாங்ஙனம்? இரசம், பாடாணம் முதலியன கலந்த மருந்துகளின் சுத்திமுறை கைப்பழக்கத்தையே சார்ந்திருந்தால், அதில் நேரும் பிழைக்கு நோயாளனே விலை கொடுக்கின்றான். அளந்து, சோதித்து, வெளிப்படையாக எழுதிவைக்கும் ஒழுக்கத்தை மேனாட்டாரிடமிருந்து கொள்வதில் இழிவு யாதுமில்லை.

மற்றொருபுறம், மேனாட்டு மருத்துவம் இந்நாட்டினின்றும் கொண்டது எவ்வாறு கொண்டது என்பதும் அறியத்தக்கது. சர்ப்பகந்தி என்னும் வேரின் குணத்தைக் கணநாத சேனரும் கார்த்திக் சந்திர போசும் 1931-ஆம் ஆண்டிற் கட்டுரையாக வெளியிட்டனர். 1949-ஆம் ஆண்டில் பம்பாய் மருத்துவர் வக்கீல், மிகுந்த குருதியழுத்தத்துக்கு அது பயன்படுதலை ஆங்கிலேயர் ஏட்டொன்றில் எழுதினார். 1952-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தினர் அதன் சத்தைப் பிரித்து 'ரெசர்பின்' எனப் பெயரிட்டனர். உலகெங்கும் பலர்க்கு அது பயன்பட்டது. சிலர்க்கு உள்ளச் சோர்வையும் உண்டாக்கிற்று. வேர் சென்றது, அவ்வேரை யாருக்கு, எப்போது, எத்துணை அளவிற் கொடுப்பது என்னும் வைத்தியர் மரபு உடன் செல்லவில்லை.

1960-ஆம் ஆண்டுக்குப் பின்னர்த் தமிழ் மருத்துவம் வேறு வழியாற் றலையெடுத்தது. 1964-ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. 2005-ஆம் ஆண்டு தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. அரசினர் மருத்துவமனைகள் பலவற்றுள்ளும் ஆரம்ப நலநிலையங்கள் பலவற்றுள்ளும் சித்த மருத்துவப் பிரிவு தனியே அமைந்துளது. ஒரே மாணாக்கன் தலையில் இரண்டையும் ஏற்றும் முறை ஒழிந்து, தத்தம் கலையில் முற்றப் பயின்ற இருவர் ஒரு வளாகத்தில் இருக்கும் முறை வந்தது. திருமுக்கூடலின் ஏற்பாட்டுக்கு இது அணித்தாயது. மருத்துவப் பள்ளிக்கூடத்தினும் மருத்துவமனையே இருகலையும் கூடுதற்குரிய இடமென்பது இதனாற் புலப்படும்.

2012-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது, நிலவேம்பு முதலாக ஒன்பது சரக்குகள் சேர்ந்த நிலவேம்புக் குடிநீர் அரசினராலேயே வழங்கப்பட்டது. குடிநீரை நம்பினாரும் நகைத்தாரும் அன்று பலர். இருதிறத்தாரும் ஒன்றை விட்டுவிட்டனர். அந்நோயில் காய்ச்சல் தணியும் நாளிலேயே சிலர்க்குக் குருதி நீர் நாளங்களினின்று கசிந்து, உடல் குளிர்ந்து, உயிர்க்கே இடர் நேரும். அவ்வேளையில் நரம்பின்வழி உப்புநீர் ஏற்றி, நாழிகைதோறும் குருதியழுத்தம் பார்த்தற்குரிய இடம் மருத்துவமனையே. குடிநீர் கொடுக்கும் வைத்தியன் அவ்வேளையை அறிந்து நோயாளனை உடனே அங்கு அனுப்புவானாயின் அவனே நல்ல வைத்தியன். நெடுநாள் வாதநோயால் வருந்துவானை, 'வேறு வழியுண்டோ' என்று சித்த மருத்துவப் பிரிவுக்கு அனுப்பும் ஆங்கில மருத்துவனும் அத்தகையனே.

இத்தகைய அனுப்புதல் இன்னும் அருமையாகவே உளது. ஒரு வளாகத்துள் இரண்டு வாயில்கள், இரண்டு பதிவேடுகள். நீரிழிவுக்கு ஒருவாயிலில் மாத்திரையும் மறுவாயிலில் சூரணமும் பெற்றுண்ணும் முதியோர், ஒன்றை உண்பதை மற்றவரிடம் சொன்னால் கடிந்துகொள்வாரென்று அஞ்சி மறைக்கின்றனர். இரண்டும் கூடிச் சருக்கரை அளவுக்கு மிஞ்சிக் குறைந்து, காரணம் யாதென்று தெரியாமலே மயங்கி விழுவாரும் உளர். இருவாயிலுக்கும் பொதுவாய் ஒரே சீட்டு, நோயாளன் உண்பன யாவும் எழுதப்பட்டு, இருவர் கண்ணுக்கும் படுமாறு அமைதல் வேண்டும். அதற்குப் புதிய கல்லூரியும் வேண்டா, புதிய சட்டமும் வேண்டா; ஒரு தாளும் மையுமே போதும்.